கட்டிலுக்கடியில் புள்ளலூர்

ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்த கையோடு, குணாளன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு போரை இழுத்து வெளியே வைப்பார். ஆறடி நீளம், நான்கடி அகலத்தில் ஒரு பலகை. அடியில் சின்னச் சக்கரங்கள். மேலே காய்ந்த வயல்வெளி, ஓர் ஏரிக்கரை, பனைமரங்கள். அவற்றுக்கு நடுவே சுண்டுவிரலில் பாதி உயரத்துக்குச் சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய்கள். பனைமரங்கள் இடிக்கக் கூடாது என்பதற்காகக் கட்டில் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்க அவர் மனைவி மோகனா ஒரு முக்காலி வைத்திருக்கிறார்.

பிறகு முகத்துக்குப் பவுடர் போடும் மெத்தென்ற தூரிகை ஒன்றை எடுப்பார். அதுவும் ஒரு காலத்தில் மோகனாவுடையதுதான். ஒவ்வொரு சிப்பாயின் தலையிலும் தோளிலும் படிந்திருக்கும் தூசியைப் பொறுமையாகத் தட்டுவார். யாரையும் இடம் மாற்ற மாட்டார். கை பட்டு ஒருவன் கொஞ்சம் நகர்ந்துவிட்டால், செல்பேசியில் ஒரு படத்தைத் திறந்து பார்த்து, பழைய இடத்திலேயே திரும்ப நிறுத்துவார்.

"போன வாரம் எடுத்த படமா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"இல்லக்கா. ரசாக் போன அன்னிக்கு எடுத்தது," என்றார்.

நான் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் முகம் தெரியும், அவ்வளவுதான். மோகனாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பழக்கம். பெருநிலத்தில் நான் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி, ஒரு ரவிக்கைக்காக இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று என் மகள் கேட்பாள். ரவிக்கை சாக்கு. எனக்குக் கட்டிலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

அவர்கள் வீடு இருப்பது பாடாங் தெம்பாக் அடுக்குமாடியில். துப்பாக்கி சுட்டுப் பழகிய திடல் என்று அந்தப் பெயருக்குப் பொருள். இவருக்கென்றே தேடிப் பிடித்துக் கொடுத்த இடம் போலிருக்கிறது. கூடத்தில் பாதியை மோகனாவின் தையல் மெஷினும் துணிகளும் பிடித்துக்கொண்டன, படுக்கையறையின் கீழ்ப்பாதியைப் பதினெட்டாம் நூற்றாண்டு பிடித்துக்கொண்டது. மிச்சம் இருக்கிற இடத்தில் இருவரும் குடித்தனம் நடத்துகிறார்கள்.

தொழிற்சாலையில் அவருக்கு நுண்ணோக்கி வழியே கணினிச் சில்லுகளைப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிற வேலை. மயிரிழைக் கீறலுக்கும் 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடுவார். நாள் முழுதும் சின்னதைப் பார்த்துச் சலித்த மனிதர் வீட்டுக்கு வந்து பெரியதாக எதையாவது பார்க்கக் கூடாதா? இவர் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கைக் கிட்டத்தில் இழுத்து, ஒரு சிப்பாயின் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் வைப்பார். தூரிகை முனை கூராக இருக்க வேண்டும் என்று அடிக்கடி அதை உதட்டில் வைத்து ஈரப்படுத்துவார். சிவப்புச் சட்டைக்குத் தீட்டும் நாட்களில் வெற்றிலை போட்டவர் மாதிரி வாயோடு திரிவார். "பெயிண்ட்டத் தின்னே சாவப் போறீங்க," என்று மோகனா உள்ளிருந்து கத்துவார். "இது வாட்டர் பெயிண்ட்டு லா, ஒன்னும் ஆவாது," என்பது இவருடைய நிரந்தரப் பதில்.

முதல் பூச்சுக்கு மருந்து தெளிப்பது போல வண்ணம் தெளிக்க வேண்டும். அதை வீட்டுக்குள் செய்ய மோகனா விடுவதில்லை. நடைபாதையில் செய்தால் பக்கத்து வீட்டு அம்மாள் துணி காயப்போட்டிருப்பார். ஆகவே படிக்கட்டுத் திருப்பத்தில், மழை வராத முற்பகலில், ஒரு பழைய மைலோ பெட்டிக்குள் சிப்பாய்களை நிறுத்தித் தெளிப்பார். பினாங்கில் மழை வராத முற்பகல் என்று எதை நம்புவது? ஒருமுறை ஈரக்காற்றில் ஒரு முழுப் பட்டாளமும் தயிர் படிந்தாற்போல் வெளுத்துப்போனது. அத்தனை பேரையும் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் குளிப்பாட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

புத்தகங்களும் வந்தபடி இருக்கும். போர் வரலாறு, அதிலும் மைசூர்ப் போர்கள் என்றால் விடமாட்டார். புதுப் புத்தகம் வந்ததும் அட்டையைப் பிரிக்காமல் ஒரு நாள் தலைமாட்டில் வைத்திருப்பார். மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் பென்சிலோடு படிக்கத் தொடங்குவார். தான் எழுத நினைப்பதையெல்லாம் பக்கத்தின் இடது ஓரத்தில் பொடியாக எழுதுவார். வலது ஓரம் ரசாக்குடையது. பழைய புத்தகங்களைப் புரட்டினால் வலது ஓரத்தில் சாய்ந்த எழுத்தில், "இவன் அங்கே போய்ப் பார்த்தானா?", "சுத்தப் பொய்", "குணா சொல்வதும் பொய்" என்றெல்லாம் இருக்கும். இப்போது வருகிற புத்தகங்களில் இடது ஓரம் நிறைந்திருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமல் வெறுமனே விட்டு வைத்திருக்கிறார்.

அப்துல் ரசாக் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர். தடித்த கண்ணாடி, உரத்த குரல். இளவயதில் குணாளன் அந்தக் கடைக்குப் போய், ஒரே புத்தகத்தை வாங்காமல் நின்றபடியே வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தாராம். ஒருநாள் ரசாக், "தம்பி, ஒன்னு வாங்கு, இல்லன்னா வீட்டுலேர்ந்து நாற்காலி கொண்டா," என்றிருக்கிறார். மறுநாள் குணாளன் நிஜமாகவே ஒரு மடக்கு நாற்காலியோடு போய் இறங்கினார். அப்படித் தொடங்கிய சிநேகம். கடையை மூடும்வரை அந்த நாற்காலி அங்கேயே இருந்தது.

இருவரும் சேர்ந்து ஆடிய கடைசிப் போர் புள்ளலூர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், ஆயிரத்து எழுநூற்று எண்பதில், மைசூர்ப் படை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கிய இடம். ஆட்டம் எப்படி என்று எனக்கும் விளக்கினார். ஆளுக்கொரு படை, எதிரெதிரே உட்கார வேண்டும். அளவு நாடா வைத்துப் படையை நகர்த்துவது, தாயக்கட்டை உருட்டிச் சுடுவது. நடந்த வரலாறு அப்படியே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குணாளன் வேண்டுமென்றே தோற்ற பக்கமான கம்பெனியை எடுத்துக்கொண்டார். ரசாக்குக்கு மைசூர், ராக்கெட், குதிரைப்படை, யானை மேல் தளபதி.

இந்த இருவருக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன் படை முழுவதற்கும் தானே வண்ணம் தீட்டலாம். தளபதிக்கு மட்டும் எதிராளிதான் தீட்டித் தர வேண்டும். "நம்ம தலையெழுத்து எதிரி கையிலதானக்கா," என்று சிரிப்பார் குணாளன். அவருடைய தளபதிக்கு ரசாக் தீட்டியதை எனக்குக் காட்டினார். குதிரை ஏதோ பரவாயில்லை. மேலே இருப்பவருக்கு ஒரு கண் பெரிசு, ஒரு கண் மூக்கைப் பார்க்கிறது. மயிரிழைக் கீறலுக்குச் சில்லைத் தள்ளுகிற மனிதர், அந்த மாறுகண்ணை இன்றுவரை திருத்தவில்லை. பதிலுக்கு இவர் ரசாக்கின் யானைக்கு ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்திருக்கிறார். முகபடாம், குடை, குடையின் தொங்கல் என்று ஒவ்வொன்றாக. யானைப் பாகனுக்கு மட்டும் ரசாக்கின் தடித்த கண்ணாடியைப் போட்டுவிட்டார்.

ஆட்டம் நடுவில் நிற்கிறது. நோய்த்தொற்று அடங்கிய வருஷம், தலைநகர்ப் பக்கம் ஷா ஆலாமில் இருக்கும் ரசாக்கின் மகள் சுஹானா பிள்ளை பெற்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டார். கடையும் அதற்குள் படுத்துவிட்டது. "ரெண்டு மாசத்துல வந்து முடிக்கிறேன்டா. ஒன்னையும் நவுத்தாத. என் ஆளுங்களுக்கு அங்க பெயிண்ட்டு தொட்டுக் கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டு, ரசாக் தன் படையைப் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு போனார். பெட்டிகளைக் கட்டி, டேப் ஒட்டி, மேலே எழுதிக் கொடுத்தது குணாளன். படை நின்ற இடங்களில், மோகனாவின் டப்பாவிலிருந்து பொத்தான்களை எடுத்து வைத்தார். காலாட்படைக்கு நீலம், குதிரைக்கு வெள்ளை, ராக்கெட்டுக்கு மஞ்சள். ஏரிக்கரைக்குப் பின்னால் யானை நின்ற இடத்தில், பெரிய கறுப்புக் கோட்டுப் பொத்தான் ஒன்று.

அடுத்து ரசாக்கின் முறை. ராக்கெட் விட வேண்டும். கம்பெனியின் வெடிமருந்து வண்டி நேர் எதிரே நிற்கிறது. வரலாற்றில் அது வெடித்தது. அதோடு கம்பெனியின் கதை முடிந்தது. இங்கே வெடிக்குமா வெடிக்காதா என்பது ரசாக் உருட்டும் தாயக்கட்டையில் இருக்கிறது. வருஷக்கணக்காக அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் வெடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சண்டை எதுவும் இல்லை. சண்டையென்றால் சமாதானத்துக்கு யாரையாவது அனுப்பலாம். முதலில் வாரம் ஒரு அழைப்பு, பிறகு பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாழ்த்து, பிறகு வாழ்த்துக்கு ஒரு கட்டைவிரல் படம், அதுவும் நின்றுபோனது. போன வருஷம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்கு ரசாக் வந்திருந்தார். யாரோ போட்ட படத்தில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஃபெரி ஏறினால் இந்தக் கரை. குணாளன் அந்தப் படத்தை என்னிடம் காட்டி, "எளச்சிட்டான்லக்கா," என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரமாக வந்தது. இவருக்கு வரவில்லை என்பது அதைவிட எரிச்சல்.

சின்ன வயதுக்காரர்கள் இதே மாதிரிப் பொம்மைப்படை ஆட்டம் ஆடும் ஒரு கடை ஊரில் இருக்கிறது. போய்ப் பார்க்கக் கூடாதா என்று மோகனாதான் தள்ளி அனுப்பினார். போய்விட்டு வந்து, "நல்ல புள்ளைங்க. மரியாதையா ஒக்கார வச்சாங்க. ஆனா எல்லாம் பூதம், பிசாசு, ஆகாயக் கப்பல்," என்றார். பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டே, "ஒருத்தனும் என்னைப் பொய்யின்னு சொல்ல மாட்டேங்கிறான்க்கா," என்றார்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பலகை வெளியே வரவில்லை. குணாளன் முக்காலியில் உட்கார்ந்து செல்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மைப்படைக்காரர்கள் வாங்கவும் விற்கவும் ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. அதில் ரசாக் தன் மைசூர்ப் படை முழுவதையும் விற்பனைக்குப் போட்டிருந்தார். வீட்டில் இடமில்லை, பேரப்பிள்ளைக்கு அறை வேண்டும் என்று இரண்டு வரி. படங்கள் எல்லாம் பழையவை, இதே பலகையில் எடுத்தவை. ஒரு படத்தின் ஓரத்தில் குணாளனின் கட்டைவிரல்கூடத் தெரிந்தது. கீழே கோலாலம்பூர்க்காரர் ஒருவர், குதிரைப்படை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

"பிரிச்சுக் குடுத்துட்டான்னா அவ்ளோதான்க்கா. அப்புறம் அவன் வந்தாலும் எதை வச்சு ஆடுறது?" என்றார்.

"இதுக்கு என்ன யோசனை? ஒங்க கூட்டாளிதானே, போன் போட்டுக் கேளுங்க தம்பி," என்றேன்.

"நான் கேட்டா சும்மாவே குடுத்துருவான். ஆனா எங்கிட்டச் சொல்லாம விக்கப் போட்டோமேன்னு வெக்கப்பட்டுருவான். வெக்கப்பட்டான்னா இந்தப் பக்கம் வரவே மாட்டான்."

மோகனா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதன் பொருள் எனக்கு விளங்க நேரம் ஆகவில்லை. படுக்கையறையில் போர் நடக்கிற வீட்டுக்கு வந்து போனால், என்றாவது ஒருநாள் நம்மையும் பட்டாளத்தில் சேர்த்துவிடுவார்கள்.

என் பெயரில், என் முகவரிக்கு, முழுப்படையும் வேண்டும் என்று எழுதினேன். எழுதியது தமிழ்ப் பெயர் என்றதும் ரசாக் தட்டச்சு செய்யவில்லை. குரலில் பேசி அனுப்பினார்.

"அக்கா, வணக்கம். முழுசா எடுக்குறதா இருந்தா ஒங்களுக்கே தரேன், பிரிக்க எனக்கும் மனசு இல்ல. ஆனா ஒன்னு, முன்னாடியே சொல்லிடுறேன். படத்துல யானை ஒன்னு இருக்கு பாருங்க, பாகன் கண்ணாடி போட்டிருப்பான். அது மட்டும் வராது. அது விக்கிறதுக்கு இல்ல. கூட்டாளி ஒருத்தன் பெயிண்ட்டு அடிச்சுக் குடுத்தது. வேற யானை 3டி மெஷின்ல பிரிண்ட் பண்ணிக்கலாம், இப்பல்லாம் ஈஸிதான்."

குணாளன் அதை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது முறை செல்பேசியை நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன். நண்பரின் குரலைக் கேட்டு எத்தனை காலமோ. காதோடு வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை.

அதற்குள் அடுத்த குரல் வந்தது. "கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. ஒங்க வீட்டுல யாரு ஆடுறது?"

நான் குணாளனைப் பார்த்தேன். சொல்லிவிடட்டுமா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "தம்பி ஒருத்தர்," என்று எழுதினேன். பொய்யில்லை.

"நல்லதுக்கா. ஒத்த ஆளா ஆட முடியாதே, எதிர்ல ஒக்கார ஆள் இருக்கா?"

செல்பேசியைக் குணாளன் பக்கம் நீட்டினேன். வெளியே யாரோ ஐஸ் கச்சாங் வாங்கப் படியிறங்கும் சத்தம்.

"இருக்கு, இன்னும் வரலன்னு போடுங்கக்கா," என்றார் குணாளன்.

அப்படியே போட்டேன். அந்தப் பக்கம் எழுதுவது போலத் தெரிந்தது; நின்றது; மறுபடி தெரிந்தது. கடைசியில் பதில் வரவில்லை. புரிந்துகொண்டாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெட்டிகள் அந்த வாரக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தன. குணாளன் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து, மழைக்கோட்டைத் தான் போட்டுக்கொள்ளாமல் பெட்டிகளுக்குப் போர்த்தி எடுத்துப்போனார். நானும் என் காடியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

படுக்கையறையில் பலகை வெளியே இழுக்கப்பட்டிருந்தது. முதல் பெட்டியைக் கையில் எடுத்தவர் பிரிக்காமல் நின்றுவிட்டார். மேலே ஒட்டியிருந்த டேப் பழுப்பேறி, அதில் 'இடது அணி' என்று குணாளனின் சொந்தக் கையெழுத்து. அடுத்ததில் 'வலது அணி'. அடுத்ததில் 'ராக்கெட், தண்ணி படக் கூடாது'. எல்லா டேப்பும் அவர் ஒட்டியது ஒட்டியபடி. ஊரை விட்டுப் போன நாளிலிருந்து ஒன்றையும் ரசாக் திறக்கவில்லை. தளபதி என்று எழுதிய பெட்டி மட்டும் வரவில்லை.

"அத மட்டும் பிரிச்சிருக்கான்," என்றார் குணாளன், தனக்குத்தானே.

பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளேடால் டேப்பைக் கீறி, ஒவ்வொருவராக வெளியே எடுத்தார். ஒரு பொத்தானை எடுப்பார், அந்த இடத்தில் ஒரு படைப்பிரிவை வைப்பார், பொத்தானை மோகனாவிடம் நீட்டுவார். மோகனா தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் முக்காலியில் இருந்தார். "அடப்பாவமே, இந்த நீலத்தத்தான் நான் அந்த ஸ்கூல் சட்டைக்குத் தேடித் தேடிச் செத்தேன்," என்று நடுவில் ஒரு சத்தம். நீலம் முடிந்து வெள்ளை, வெள்ளை முடிந்து மஞ்சள். மைசூர்ப் படை மெல்ல மெல்ல வயலைச் சூழ்ந்து நின்றது. ஆட்டம் தெரியாத எனக்கே கம்பெனிக்காரர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வண்டி வெடிச்சா நீங்க தோத்துருவீங்கதானே?" என்று கேட்டேன்.

"தோத்தாப் பரவால்லக்கா. அவன் கையால உருட்டித் தோக்கணும்," என்றார்.

தாயக்கட்டைகளைத் துடைத்துப் பலகையின் மறுபக்கத்தில், ஆளில்லாத பக்கத்தில் வைத்தார். மேலே இருப்பதெல்லாம் இப்போது படைதான், ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கறுப்புப் பொத்தானைத் தவிர.

மோகனா கையை நீட்டினார். "அதையும் குடுங்க. கோட்டுப் பொத்தான், இப்பல்லாம் எங்கயும் கெடைக்காது."

குணாளன் பவுடர் தூரிகையை எடுத்தார். குனிந்து, பொத்தானின் நான்கு துளைகளிலும் இருந்த தூசியை ஒவ்வொன்றாகத் தட்டினார். செல்பேசிப் படத்தைத் திறந்து பார்த்து, பொத்தானை ஒரு நூலளவு இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு பலகையைக் கட்டிலுக்கு அடியில் மெதுவாகத் தள்ளினார்.